ஏர்ஃப்ளோ சென்சார கழட்டிட்டு ஓட்டச் சொல்றதுக்கு முன்னால கொஞ்சம் யோசிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கெழமை உங்க பேப்பர்ல, வண்டி சம்பந்தமா வாசகருங்க கேட்டா பதில் சொல்ற பகுதியில, உடுமலைப்பேட்டைல இருந்து ஒருத்தர் கேட்டிருந்தாருங்க. பெட்ரோல் கார், சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகிக்குது, செக் எஞ்சின் லைட் எரியுது, மெக்கானிக், எஞ்சினுக்குள்ள போற காத்த அளக்கற ஏர்ஃப்ளோ சென்சார் போச்சுங்கறார், புதுசு வெலை எச்சா இருக்குது, அத கழட்டி விட்டுட்டே ஓட்டுனா என்னன்னு. அதுக்கு உங்க ஆளு எழுதுன பதில் மூணு வரி கூட வராது. தாராளமா ஓட்டலாமாம், வண்டில இருக்கற எஞ்சின் கம்ப்யூட்டர் தானா சமாளிச்சுக்குமாம், மைலேஜு கூட ஏறுமாம்.

நான் பெருந்துறை பக்கம் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கறவனுங்க, எலக்ட்ரிகலும் ஸ்கேனிங்கும் தான் முக்கியமான சோலி. அந்த பதில ஆரோ போட்டோ புடிச்சு வாட்சப்புல சுத்த விட்டுட்டாங்க, திங்கக்கெழமை வெடியாலயே ரெண்டு மூணு பேரு வந்து போன நீட்டி இத பாருங்க பேப்பர்லயே போட்டிருக்குது எனக்கும் அந்த சென்சார கழட்டி விட்டுருங்கங்கறாங்க, அதுல ஒருத்தர் வண்டிக்கு எந்த கோளாறும் இல்ல, மைலேஜு ஏறும்னு தான் கேக்கறாரு. பேப்பர்ல வந்தா அது வேதவாக்குன்னு நம்பற ஊருங்க இது, அதனால தான் வேலைய போட்டுட்டு உக்காந்து இத எழுதறேன்.

ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாம எஞ்சின் ஓடாதுன்னு நான் சொல்ல வரலீங்க. நல்லாவே ஓடும். ஆனா சென்சார் இல்லாம ஓடற மாதிரி கம்ப்யூட்டர தயார் பண்ணி ஓட்டறது வேற, ஓடிக்கிட்டிருக்கற வண்டில கனெக்டர புடிங்கி விட்டுட்டு ஓட்டறது வேற, உங்க பதில்ல இந்த ரெண்டையும் ஒட்டுக்கா போட்டு கொழப்பி வெச்சிருக்கறீங்க, அதைய தான் கேக்க வந்தேன்.

மொதல்ல அந்த சென்சார் என்ன பண்ணுதுன்னு பாக்கோணும். எஞ்சினுக்கு பெட்ரோல் எவ்வளவு விடோணும்ங்கறது காத்து எவ்வளவு உள்ள போகுதுங்கறத வெச்சு தான் முடிவாகுது, எடைக்கு எடை 14.7 பங்கு காத்துக்கு ஒரு பங்கு பெட்ரோல். 1200 சிசி எஞ்சின் ஒண்ண எடுத்துக்குங்க. ஃபோர் ஸ்ட்ரோக், ரெண்டு சுத்துக்கு ஒருக்கா தான் முழுசா உறிஞ்சும், அதனால ஒரு சுத்துக்கு 600 சிசி, 3000 ஆர்பிஎம்ல நிமிசத்துக்கு 1800 லிட்டர், செகண்டுக்கு 30 லிட்டர் ஆச்சுங்களா. நம்ம கோயமுத்தூர் உயரத்துல வெயில் நேரத்துல ஒரு லிட்டர் காத்து சுமார் 1.1 கிராம் இருக்கும், ஆக முழுசா ரொம்புனா 33 கிராம், ஆனா சிலிண்டர் எப்பவும் முழுசா ரொம்பாதுங்க, 80 பர்சன்ட்னு வெச்சுக்கிட்டா 26 கிராம் காத்து, அதுக்கு பெட்ரோல் 1.8 கிராம் சுமாருக்கு. இது ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சு வெச்சா. கால் வெக்காம சும்மா ஓடற ஐடிலிங்ல அதே எஞ்சின் செகண்டுக்கு ரெண்டு கிராம் காத்து இழுத்தா பெருசு. ரெண்டுக்கும் நடுவுல எத்தனை வித்தியாசம் பாருங்க, இதுக்குள்ள எந்த எடத்துல எஞ்சின் இப்ப இருக்குதுன்னு கம்ப்யூட்டருக்கு சொல்றது தான் ஏர்ஃப்ளோ சென்சார். ஏர் ஃபில்டர் டப்பாவ தாண்டுன உடனே பைப்புல மாட்டி இருக்கும். உள்ள மெல்லிசா ஒரு பிளாட்டினம் கம்பி, இப்ப வர்றதுல கம்பிக்கு பதிலா சின்னதா ஒரு ஃபிலிம், அத கரண்டு விட்டு சூடா வெச்சிருப்பாங்க, காத்து போகப்போக அது ஆறும், ஆறாம அதே சூட்டுல நிறுத்தறதுக்கு எவ்வளவு கரண்டு வேணுமோ அது தான் காத்தோட எடைக்கு கணக்கு. காத்து சூடா இருந்தாலும் சில்லுன்னு இருந்தாலும் மலை மேல போனாலும் அது எடையாவே சொல்லிரும், அது தான் அதோட பெருமை.

இப்ப அந்த கனெக்டர புடுங்கிட்டா என்ன ஆகும். பல வண்டில அதுல அஞ்சு வயர் இருக்கும், பன்னண்டு வோல்ட்டு, எர்த்து, சிக்னல், மீதி ரெண்டும் உள்ள வர்ற காத்தோட சூட்ட பாக்கற இன்னொரு சென்சாருக்கு, ரெண்டும் ஒரே டப்பாக்குள்ள. புடுங்குனா ரெண்டுமே போச்சு. கம்ப்யூட்டர் உடனே சிக்னல் வரலைங்கறதுக்கு பி0102ன்னு ஒரு கோளாறு நம்பர், கோடுன்னு சொல்லுவோம், அத எழுதி வெச்சு லைட்ட போட்டுட்டு, கம்பெனிக்காரன் ஆபத்துக்குன்னு எழுதி வெச்ச ஒரு டேபிள எடுத்துக்கும். காத்து போற வழில இருக்கற மூடி, அதாவது த்ராட்டில், இத்தனை டிகிரி தொறந்திருக்குது, எஞ்சின் இத்தனை ஆர்பிஎம் ஓடுது, அப்போ காத்து இத்தனை இருக்கும்னு ஒரு குத்துமதிப்பு. காத்தோட சூடு தெரியாது, அதுக்கும் ஒரு நம்பர் தானா வெச்சுக்கும். இது வீடு வரைக்கும் போய் சேர்றதுக்கு குடுத்த வழி, வருசக்கணக்கா ஓட்டறதுக்கு இல்ல. சில வண்டில ஆர்பிஎம் ஒரு அளவுக்கு மேல ஏறவே விடாது, சிலது ஸ்டார்ட் ஆகி உடனே ஆஃப் ஆயிரும், ஆட்டோமேட்டிக் கியர்னா வெட்டி வெட்டி கியர் மாத்தும், ஏன்னா கியர் பாக்ஸும் எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்குதுன்னு அந்த கணக்க வெச்சு தான் முடிவு பண்ணுது.

கம்ப்யூட்டர் சமாளிச்சுக்கும்னு எழுதுனது பாதி நெசம் தானுங்க. சைலன்சர் பைப்புல ஆக்சிஜன் சென்சார் ஒண்ணு இருக்குது, புகைய பாத்து பெட்ரோல் பத்தலையா எச்சாயிருச்சான்னு சொல்லும், அத வெச்சு கம்ப்யூட்டர் கூட்டி கொறைச்சுக்கும். ஆனா அதுக்கும் ஒரு எல்லை இருக்குது, இருபது இருபத்தஞ்சு பர்சன்ட்ட தாண்டுனா கைய விரிச்சுரும். அதவிட முக்கியம், நீங்க முழுசா மிதிக்கறப்போ, ஓவர்டேக் பண்றப்போ, மேடு ஏர்றப்போ, கம்ப்யூட்டர் ஆக்சிஜன் சென்சார் பேச்ச கேக்காதுங்க, டேபிள்ல இருக்கறத அப்படியே ஊத்தும். அப்போ டேபிள் தப்புன்னா தப்பாவே ஊத்தும். கம்மியா ஊத்துனா எஞ்சின் டிக்டிக்குனு தட்டும், வால்வு பிஸ்டன் வரைக்கும் போகும். எச்சா ஊத்துனா பிளக்கு கரி புடிக்கும், சிலிண்டர் செவுத்துல இருக்கற ஆயில கழுவிரும், எரியாத பெட்ரோல், புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்டர்ல போய் எரிஞ்சு அத உருக்கிரும். கன்வெர்டர் என்ன வெலைன்னு கேட்டு பாருங்க, சென்சார் வெலை எச்சாங்கறவங்க அந்த பில்ல பாத்தா உக்காந்துருவாங்க.

அப்புறம் ஏன் கழட்டி விட்ட பொறவு வண்டி நல்லா போகுதுன்னு நாலு பேரு சொல்றாங்கன்னு கேப்பீங்க. நாயமான கேள்வி. சென்சார் கெட்டு போய் பொய் கணக்கு சொல்லிக்கிட்டு இருந்துச்சுன்னா, பொய்ய விட குத்துமதிப்பு மேல் தானுங்க. கழட்டுன உடனே ஐடிலிங் செட்டில் ஆயிரும். நாங்களே ஒர்க்‌ஷாப்புல அப்படி புடுங்கி பாக்கறது உண்டு, புடுங்குனா நல்லா ஓடுதா, அப்போ சென்சார் மேல சந்தேகம், புடுங்குனாலும் அதே கோளாறு இருக்குதா, அப்போ வேற எடத்துல தேடோணும். அது சோதனைக்கு பண்றது. காய்ச்சல் இருக்குதான்னு பாத்துட்டு மருந்து குடுக்காம தாட்டி விடற டாக்டர நீங்க ஒத்துக்குவீங்களா.

இன்னொண்ணும் சொல்லோணும், ஏர்ஃப்ளோ சென்சார் போச்சுன்னு வர்ற வண்டில நெறைய வண்டிக்கு சென்சார் நல்லா தான் இருக்குது. சென்னிமலைல பெட்ஷீட் யாவாரம் பண்ற ஒருத்தரோட கார், அதே கம்ப்ளெயின்ட் தான், நின்னா ஆஃப் ஆகுது, வேற எடத்துல சென்சார் மாத்தோணும்னு சொல்லி அனுப்பி இருக்காங்க. ஸ்கேனர போட்டு லைவ் டேட்டா பாத்தா ஐடிலிங்ல ஃப்யூல் ட்ரிம் பிளஸ் 18 காட்டுது, அதாவது கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல பதினெட்டு பர்சன்ட் எச்சா பெட்ரோல் ஊத்திக்கிட்டு இருக்குது. அவரையே உள்ள உக்கார வெச்சு 2500 ஆர்பிஎம்ல புடிச்சு நிறுத்துங்கன்னேன், பிளஸ் 3க்கு எறங்கிருச்சு. இது தெரிஞ்சவனுக்கு அப்பவே வெளங்கிரும். சென்சார தாண்டி எங்கயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது, ஐடிலிங்ல மொத்த காத்தே கம்மிங்கறதால அந்த திருட்டு காத்து பெரிய பங்கா தெரியுது, ஆர்பிஎம் ஏறுனா அதே ஓட்டை வழியா வர்றது ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிருது. த்ராட்டில தாண்டுன பைப்புல இருந்து, பிரேக் மிதிக்க ஒத்தாசை பண்ற பிரேக் பூஸ்டருக்கு போற ரப்பர் ஓஸ் இருக்குதுல்லீங்க, அதோட அடிப்பக்கம் சின்னதா கிழிஞ்சிருக்குது, மேல இருந்து பாத்தா சுத்தமா தெரியாது, கைய உள்ள விட்டு அமுக்கி புடிச்சா ஐடிலிங் சீராகுது, விட்டா மறுபடியும் ஆட்டம். ஓஸ மாத்துனோம், வேலை முடிஞ்சுது. ட்ரிம் ரெண்டுலயும் பிளஸ் ரெண்டு மூணுக்குள்ள வந்து நின்னுக்குச்சு. சென்சார் பழசே தான்.

இதுக்கு நேர் எதிர் பக்கம், சென்சார்ல அழுக்கு புடிச்சிருந்துச்சுன்னா ஐடிலிங்ல ட்ரிம் ஓரளவு ஒழுங்கா இருக்கும், மிதிக்க மிதிக்க பிளஸ் ஏறும், ஏன்னா அழுக்கு ஏறுன கம்பி பெரிய காத்த கம்மியா சொல்லும். இந்த ஒத்த விசயத்த பாத்தாலே பாதி சென்சார் செலவு மிச்சமாகும், அத உங்க பகுதில எழுதி இருந்தா கோடி புண்ணியமுங்க.

அழுக்குன்னு சொன்னதும் நம்ம பக்கத்த பத்தி ஒரு வார்த்தை. இங்க காத்துல என்னதான் இல்லைன்னு கேக்கோணும். பல்லடம் அவிநாசி பக்கம் விசைத்தறி, நூல் மில்லு, பஞ்சு பறக்காத எடம் கெடையாது. பொள்ளாச்சி ஆனமலை பக்கம் தேங்கா நார் மில்லு தூசி. பெருந்துறை சுத்தி ரோட்டு வேலை, கிரசர் லாரி. ஃபில்டர வருசத்துக்கொருக்கா மாத்தறவங்களே அபூர்வம், மாத்தறப்போவும் வெலை கம்மின்னு டூப்ளிகேட் ஃபில்டர போட்டா அது டப்பால சரியா உக்காராம ஓரமா தூசி உள்ள போயிரும், அது நேரா அந்த கம்பி மேல தான் போய் படியும். இன்னும் சிலரு ரேஸ் காரு மாதிரி எண்ணெய் தடவுன காட்டன் ஃபில்டர மாட்டுவாங்க, எண்ணெய் எச்சா தடவுனா அதுவும் கம்பில ஏறி ஒட்டிக்கும், அதுக்கு மேல பஞ்சு, கேக்கவே வேண்டாம். அத சுத்தம் பண்ண அதுக்குன்னே ஸ்ப்ரே விக்குது, சீக்கிரம் ஆவியாகற மாதிரி, தூரத்துல இருந்து அடிச்சு தானா காய விட்டு மாட்டுனா பல சென்சார் மறுபடியும் வேலை செய்யும். ஆனா நம்மாளுங்க பல்லு தேய்க்கற பிரஷ்ஷயும் பெட்ரோல் நனைச்ச துணியையும் விட்டு தேச்சு அந்த ஃபிலிம பேத்தெடுத்துட்டு, சென்சார் போச்சு புதுசு வேணும்பாங்க.

தோட்டத்து வீட்டுல நிக்கற வண்டின்னா எலி. எலி கடிச்ச வயருக்கு சென்சார் மாத்திட்டு அப்புறமும் அதே லைட் எரியற கதைய நான் சொல்லி மாளாது.

செரி, சென்சார் இல்லாமலே ஓடற வண்டிக்கு வர்றேன். உங்க வீட்டு வாசல்லயே நிக்குதுங்க. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 புகை விதி வந்த பொறவு வித்த பெட்ரோல் பைக்கு ஸ்கூட்டர் பெரும்பாலானதுல பாருங்க, கார்புரேட்டர் போய் இஞ்செக்சன் வந்துருச்சு, ஆனா அதுல ஏர்ஃப்ளோ சென்சார்னு ஒண்ணு கெடையாது. மாருதி 800 எம்பிஎஃப்ஐங்கற இஞ்செக்சனுக்கு மாறுன காலத்துலயும் ஏர்ஃப்ளோ சென்சார் இல்ல, மேப் சென்சார் தான், த்ராட்டில்ல இருந்து சிலிண்டருக்கு காத்த பிரிச்சு விடற பைப்பு, அதாவது மேனிஃபோல்டு, அது உள்ள பிரஷர் எவ்வளவுன்னு பாக்கறது. உலகத்துலயே பெரிய அளவுல வித்த மொத எலக்ட்ரானிக் இஞ்செக்சன், பாஷ் கம்பெனியோட டி-ஜெட்ரானிக், 1967ல வோக்ஸ்வேகன் கார்ல வந்தது, அதுவும் பிரஷர வெச்சு தான் கணக்கு போட்டுச்சு. காத்த நேரா அளக்கறது அதுக்கு பொறவு வந்தது. ஆக சென்சார் இல்லாம ஓட்டறது புதுசும் இல்ல குறுக்கு வழியும் இல்ல.

ஆனா அந்த கணக்கு எப்படி வருதுன்னு பாக்கோணுமுங்க. மேனிஃபோல்டு பிரஷர், காத்தோட சூடு, ஆர்பிஎம், இந்த மூணும் தெரிஞ்சா சிலிண்டருக்குள்ள காத்து எவ்வளவு போகும்னு பிளஸ் டூ பிசிக்ஸ் ஃபார்முலாவ வெச்சு சொல்லிரலாம், ஒண்ணே ஒண்ணு மட்டும் ஃபார்முலால வராது, அந்த எஞ்சின் அந்த வேகத்துல அந்த பிரஷர்ல எத்தனை பர்சன்ட் ரொம்பும்ங்கறது. அது ஒவ்வொரு எஞ்சினுக்கும் வேற, வால்வ தொறந்து மூடற கேம்சாஃப்ட் வேற போட்டா வேற, சைலன்சர் மாத்துனா வேற. அத ஒரு டேபிளா எழுதி வெக்கோணும், பதினாறுக்கு பதினாறு கட்டம்னா 256 கட்டம், ஒவ்வொண்ணுலயும் எஞ்சின பாரம் குடுத்து ஓட்டி பாக்கற டைனோ மிசின் மேல புடிச்சு நிறுத்தி, காத்து பெட்ரோல் பங்க நம்பராவே காட்டற வைடுபேண்டு ஆக்சிஜன் சென்சார் வெச்சு பாத்து பாத்து ரொப்போணும். பந்தில உக்காந்த ஆள எண்ணாம மண்டபத்து வாசல்ல கெடக்கற செருப்ப எண்ணி சோறு வடிக்கற மாதிரி தான், பழகுன சமையல்காரன் வடிப்பான், ஊருக்கு புதுசா வந்தவன் வடிச்சா ஒண்ணு பத்தாது இல்ல மீந்து போகும்.

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல ஃபார்முலா பாரத் போட்டி நடக்கறப்போ ஒருக்கா போய் அந்த காலேஜ் பசங்க பிட்டுல நின்னு பாருங்க. பைக் எஞ்சின வெச்சு கார் கட்டுவாங்க, விதிப்படி எஞ்சினுக்கு போற காத்து எல்லாம் 20 மில்லிமீட்டர் ஓட்டை ஒண்ணு வழியா தான் போகோணும், அத போட்டதும் கம்பெனிக்காரன் எழுதி வெச்ச டேபிள் ஒண்ணுக்கும் ஆகாது. அப்போ அந்த பசங்க லேப்டாப்ப மடில வெச்சுக்கிட்டு ராத்திரி பகலா கட்டம் கட்டமா டேபிள் எழுதறாங்க. என்ற தங்கச்சி பையன் கோயமுத்தூர்ல ஆட்டோமொபைல் படிக்கறான், இத பத்தி கேட்டா மாமா ஐடிலிங் கட்டத்த சரி பண்றதுக்குள்ள செமஸ்டர் போயிருச்சுங்கறான். ரேஸுக்குன்னே பண்ணுன கேம்சாஃப்ட், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில்னு கட்டுன ரேஸ் எஞ்சின்ல மேனிஃபோல்டு பிரஷர் நிக்காம ஆடும், அதுக்கு த்ராட்டில் கோணத்தயும் ஆர்பிஎம்மயும் மட்டும் வெச்சு ஓட்டுவாங்க, அதுவும் சரியான முறை தான், அந்த ரோட்டுக்கு அந்த எஞ்சினுக்கு எழுதுன டேபிள் இருக்கற வரைக்கும். டர்போ போட்டு பவர் ஏத்தறவங்களும் ஏர்ஃப்ளோ சென்சார எடுத்துட்டு மேப்புக்கு போவாங்க, ஏன்னா சென்சார் அளந்த காத்த ப்ளோ ஆஃப் வால்வு வெளிய விட்டுச்சுன்னா கம்ப்யூட்டர் போகாத காத்துக்கு பெட்ரோல் ஊத்தி புகையா தள்ளும். இவங்க அல்லாரும் சென்சார கழட்டுனவங்க தான், ஆனா அதுக்கு பதிலா ஒண்ண வெச்சுட்டு கழட்டுனாங்க. உங்க உடுமலை வாசகர் எதைய வெக்கறாரு?

ஒரு சுவாரசியம் சொல்றேன், மேப் சென்சார் வெச்ச வண்டில த்ராட்டில தாண்டி இருக்கற ஓஸ் கிழிஞ்சு காத்து உள்ள போனா நடக்கறது வேற. உள்ள போன காத்து மேனிஃபோல்டு பிரஷர ஏத்தும், அத சென்சார் பாத்துரும், அதுக்கும் சேத்தி பெட்ரோல் விழும், அதனால ஆஃப் ஆகாது, ஐடிலிங் தான் ஒசரமா கத்தும். அதே கிழிசல் ஏர்ஃப்ளோ வண்டில வந்தா பெட்ரோல் பத்தாம திணறும். ரெண்டு வண்டிக்கும் ஒரே பதில் எழுத முடியாதுங்கறதுக்கு இது ஒண்ணே போதும்.

மைலேஜு கூடும்னீங்களே, அத ஊட்டி ரோட்டுல வெச்சு பாருங்க. மேட்டுப்பாளையத்த தாண்டி கல்லாறு பர்லியார் குன்னூர்னு ஏறி ஊட்டி போனா 2240 மீட்டர் உயரம். அங்க காத்து லிட்டருக்கு 0.93 கிராம் சுமாருக்கு தான் தேறும், கீழ 1.1. பதினஞ்சு பர்சன்ட் கொறைவு. சென்சார் இருந்தா தானா தெரிஞ்சுக்கும். இல்லாம, காத்தழுத்தம் பாக்க வேற சென்சாரும் இல்லாத கம்ப்யூட்டரா இருந்தா, கீழ எந்த கணக்கோ மேலயும் அதே கணக்கு, முழுசா மிதிச்சு ஏர்றப்போ அந்த எச்சா பெட்ரோல் வீணா கரும்புகையா போகும். திம்பம் மலைல 27 கொண்டை ஊசி வளைவுலயும் ஃபுல் லோடு ஏத்திக்கிட்டு போறவங்கள நெனச்சு பாருங்க. மைலேஜு கூடறதாவது.

டீசல் வண்டி கதை இன்னும் வேற. அதுல பெட்ரோல் மாதிரி காத்த பாத்து எண்ணெய் விடறதில்ல, கால் மிதிக்கறத பாத்து விடறது, ஏர்ஃப்ளோ சென்சார் முக்கியமா புகைய திருப்பி உள்ள விடற ஈஜிஆர் வால்வுக்கும், கரும்புகை வராம எண்ணெய்க்கு ஒரு உச்சவரம்பு வெக்கறதுக்கும். அதனால கழட்டுனா பல டீசல்ல ஈஜிஆர் மூடிக்கும், எஞ்சினுக்கு சுத்தமான காத்து எச்சா கெடைக்கும், மிதிச்சா வெடுக்குனு போற மாதிரி இருக்கும். கழட்டுனா பிக்கப்பு வருதுங்கற பேச்சே இந்த டீசல் ஓட்டறவங்க கிட்ட இருந்து தான் கெளம்புனதுன்னு நான் நெனைக்கறேன், அத உங்க ஆளு பெட்ரோல் வண்டிக்காரருக்கு எழுதிட்டாரு. டீசலுக்கும் அது நல்லதில்ல, ஈஜிஆர் நின்னா நைட்ரஜன் ஆக்சைடு புகை ஏறும், நம்ம கண்ணுக்கு தெரியாது, மூச்சுக்கு தெரியும். பிஎஸ் 6 டீசல்னா கரி புடிக்கற ஃபில்டர் இருக்குது, அந்த கோளாறு கோடு அழியாம இருந்தா பல வண்டி அந்த கரிய எரிச்சு சுத்தம் பண்ற வேலையவே நிறுத்திக்கும், அப்புறம் ஃபில்டர் அடைச்சு வண்டி நகராது, டோ வண்டி தான்.

கேஸ் கிட் போட்ட பழைய கார் வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு. மிக்சர் வெச்ச பழைய மாடல் கிட்ல பேக்ஃபயர் அடிச்சா அந்த வெடி நேரா ஏர்ஃப்ளோ சென்சார தான் போய் அடிக்கும். அடிக்கடி சென்சார் போகுதுன்னா பிளக்கு, பிளக்கு ஒயர், டைமிங் பாருங்க, சென்சார் கடைக்காரன திட்டி புண்ணியமில்ல.

ஆன்லைன்ல ஒரு சின்ன டப்பா விக்கறான், காத்து சூட்டு சென்சார் வயர்ல மாட்டுனா பவர் ஏறும்னு. பிரிச்சு பாத்தா உள்ள ஒரு ரெசிஸ்டர், பத்து காசு பெறாது. காத்து சில்லுன்னு இருக்குதுன்னு கம்ப்யூட்டர ஏமாத்தி எச்சா பெட்ரோல் ஊத்த வெக்கறது. அதுக்கும் உங்க பேப்பர்ல கேள்வி வந்தா தயவு பண்ணி தாராளமா மாட்டலாம்னு எழுதிராதீங்க.

நடுவழில போயிருச்சு, காங்கயம் தாராபுரம் ரோட்டுல ராத்திரி நேரம், ஆளு அரவமில்ல, வண்டி ஆஃப் ஆகி ஆஃப் ஆகி நிக்குதுன்னா என்ன பண்றதுன்னு கேட்டா, எஞ்சின ஆஃப் பண்ணிட்டு கனெக்டர புடுங்கிட்டு மெதுவா வீடு வந்து சேருங்கன்னு நானே சொல்லுவேன். மிதிக்காம, மேட்டுல இழுக்காம வரோணும். மக்காநாளு ஒர்க்‌ஷாப்புக்கு போயிரோணும். அவ்வளவு தான் அதுக்கு மரியாதை.

அதனால அடுத்த ஞாயித்துக்கெழமை அந்த பதில திருத்தி, மொதல்ல வந்த அதே எடத்துல, அதே அளவு எழுத்துல போடுங்கன்னு கேட்டுக்கறேன், மூலைல பொடி எழுத்துல வேண்டாம். இனிமேலு இந்த மாதிரி கேள்வி வந்தா பதில் எழுதறதுக்கு முன்னால வண்டி பெட்ரோலா டீசலா, எந்த வருச மாடல், ஸ்கேனர்ல என்ன கோடு வந்துச்சுன்னு வாசகர் கிட்ட கேட்டு வாங்கிக்குங்க. உடுமலைக்காரருக்கு கோடு பி0102ன்னு வந்திருந்தா சென்சாருக்கு முன்னால வயரயும் கனெக்டரயும் பாக்கோணும், எலி இருக்குதான்னும். பி0101, அதாவது சென்சார் சொல்ற கணக்கு ஒத்து வரலைங்கறது, இல்லாட்டி கூடவே பெட்ரோல் பத்தலைங்கற பி0171ம் சேந்து வந்திருந்தா ஓஸ், பிரேக் பூஸ்டர் பைப்பு, இன்டேக் கேஸ்கட்டு எல்லாத்தையும் புகை விட்டு லீக் பாத்துட்டு, ஃபில்டர் சரியா உக்காந்திருக்குதான்னு பாத்துட்டு, அப்புறமா ஸ்ப்ரே அடிச்சு சுத்தம் பண்ணி பாக்கோணும். இத்தனைக்கும் மேல கோடு திரும்பி வந்தா மட்டும் சென்சார் வாங்கட்டும், வாங்கறப்போ பழசுல இருக்கற பார்ட் நம்பர பாத்து அதே நம்பர் வாங்கோணும், டப்பா ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள இருக்கற அளவு வேற வேற, வேற நம்பர மாட்டுனா லைட் எரியாமலே தப்பு கணக்கு போட்டுக்கிட்டு ஓடும்.

இப்படிக்கு,
கார் எலக்ட்ரீசியன் ஒருத்தன்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.